விஎம்களுக்கான என்எஃப்எஸ் ஸ்டோரேஜ்: டிஸ்க்கிலிருந்து கெஸ்ட் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பொதுக் கோப்புகளைப் பகிர்வதற்கு வைத்த என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் நெறிமுறை) சர்வரிலேயே விர்ச்சுவல் மெஷின்களின் (விஎம்) டிஸ்க்குகளையும் போட்டுவிட்டு, "ஏன் இப்படி இழுக்கிறது?" என்று தலையைச் சொறிபவர்கள் நிறையப் பேர். நெறிமுறை ஒன்றுதான், வேலை வேறு. ஓர் ஆவணத்தைத் திறந்து திருத்தி மூடினால் சர்வருக்கு ஓரிரு வேலையோடு முடிந்தது. விஎம் டிஸ்க் அப்படியல்ல. நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் ஒரே பெரிய கோப்பு அது. அதன் நடுவில் இங்கே 4 கேபி, அங்கே 8 கேபி என்று எழுத்து விழுந்துகொண்டே இருக்கும். இருபது விஎம்கள் தனித்தனியே ஒழுங்கு வரிசையில் எழுதினாலும், சர்வருக்கு வந்து சேரும்போது எல்லாம் கலந்து சிதறலாகிவிடும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். கெஸ்ட்டின், அதாவது விஎம்முக்குள் ஓடும் இயங்குதளத்தின், ஃபைல்சிஸ்டம் தன் ஜர்னலை (மாற்றங்களின் பதிவேட்டை) எழுதிவிட்டு, "டிஸ்க்கில் ஏறிவிட்டதா?" என்று கேட்கும். சர்வர் "ஏறிவிட்டது" என்றால் அது மெய்யாக இருக்க வேண்டும். அடுத்து வருபவை எல்லாம் அந்தப் பதிலைச் சீக்கிரம் சொல்ல வைக்கும் வழிகள். பொய் சொல்லியும் சீக்கிரம் சொல்லலாம். அந்தக் குறுக்குவழிகளையும் காட்டுகிறேன், நீங்கள் அவற்றில் போகாமல் இருப்பதற்காக.

சர்வர் லினக்ஸ் என்றும், மறுமுனையில் விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ அல்லது ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற கேவிஎம் ஹோஸ்ட் (விஎம்களை ஓட்டும் ஹைப்பர்வைசர் இயந்திரம்) என்றும் வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: டிஸ்க் அடுக்கு

இங்கே தவறினால் மேலே எந்த அமைப்பாலும் ஈடுகட்ட முடியாது. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 100 சிதறல் வேலைகள் செய்யும். உங்களிடம் இப்படி 12 டிஸ்க்குகள் இருக்கின்றன என்று வையுங்கள். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டத்தில் பன்னிரண்டையும் ஒரே ரெய்டு-இசட்2 குழுவாக (இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும் அமைப்பு) போட்டால், சிறிய சிதறல் எழுத்தில் அந்தக் குழு முழுவதும் கிட்டத்தட்ட ஒரு டிஸ்க்கின் வேகத்தில்தான் ஓடும், நொடிக்கு 100 என்ற கணக்கில். அதே 12 டிஸ்க்கை ஆறு மிரர் ஜோடிகளாக (ஜோடியில் இரண்டிலும் ஒரே தரவு) போட்டால் எழுத்துக்கு 600, படிப்புக்கு 1200 வரை கிடைக்கும். கொள்ளளவு பாதியாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். விஎம் வைக்கப்போகிறீர்கள் என்றால் அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். பேக்கப் வைக்கும் சர்வருக்கு ரெய்டு-இசட் போதும்.

ஹார்டுவேர் ரெய்டு பயன்படுத்துபவர்களுக்கும் கதை இதேதான். ஒரு சிறு எழுத்துக்கு ரெய்டு 10-இல் இரண்டு டிஸ்க் வேலைகள், ரெய்டு 5-இல் நான்கு, ரெய்டு 6-இல் ஆறு. கன்ட்ரோலரில், எழுத்தை நினைவகத்தில் வாங்கியதுமே பதில் சொல்லும் ரைட்-பேக் கேஷுக்குப் பேட்டரியோ கெப்பாசிட்டரோ இருக்கிறதா, அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி செத்ததும் பல கன்ட்ரோலர்கள் சத்தம் போடாமல், டிஸ்க்கில் ஏறும் வரை காத்திருக்கும் ரைட்-த்ரூவுக்கு மாறிவிடும். "நேற்று வரை நன்றாகத்தான் ஓடியது" என்று வரும் புகார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இசட்எஃப்எஸ் என்றால் தொடக்கத்திலேயே நான்கு அமைப்புகள்: பூல் (டிஸ்க்குகளின் தொகுப்பு) உருவாக்கும்போது ஏஷிஃப்ட் 12 (4 கேபி செக்டர் அளவு), டேட்டாசெட்டில் (பூலுக்குள் உள்ள ஃபைல்சிஸ்டம்) கம்ப்ரெஷன் எல்இசட்4, ஏடைம் ஆஃப் (படித்த நேரத்தைப் பதியாமல் இருக்க), எக்ஸ்ஏடிடிஆர் எஸ்ஏ. ஏஷிஃப்டைப் பிறகு மாற்ற முடியாது. மற்றவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

ரெக்கார்ட்சைஸ் (ஒரு கோப்பை இசட்எஃப்எஸ் பிரித்து வைக்கும் துண்டின் உச்ச அளவு) பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இயல்பாக அது 128 கேபி. கெஸ்ட் 4 கேபி மாற்றினால், இசட்எஃப்எஸ் அந்த 128 கேபி பகுதி முழுவதையும் படித்து, 4 கேபியைத் திருத்தி, மீண்டும் முழுதாக எழுதும். நான்கு வரி திருத்த நோட்டையே நகலெடுக்கிற மாதிரி. இதற்காக ஒரேயடியாக 4 கேபிக்கு இறங்கினால் மெட்டாடேட்டா பெருகும், கம்ப்ரெஷனில் பலன் இராது. பொதுவான விஎம்களுக்கு 32 அல்லது 64 கேபி, டேட்டாபேஸ் விஎம்களுக்கு 16 கேபி என்று தொடங்கலாம். கேவிஎம்மின் டிஸ்க் வடிவமான க்யூகவ்2 கோப்பின் க்ளஸ்டர் அளவு இயல்பாக 64 கேபி என்பதால் அதோடு 64 நன்றாகப் பொருந்தும். இந்த மாற்றம் புதிதாக எழுதப்படும் கோப்புகளுக்குத்தான். பழைய இமேஜ் கோப்பை வேறு பெயரில் நகலெடுத்தால்தான் அதற்கும் ஏறும். மாற்றிவிட்டு, நகலெடுக்காமல், "வித்தியாசமே தெரியவில்லை" என்று சொல்லும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான்.

பூல் 80 சதவீதத்தைத் தாண்ட விடாதீர்கள். நிரம்ப நிரம்ப காலி இடம் தேடுவதிலேயே எழுத்து மந்தமாகும்.

படி 2: சிங்க் எழுத்தும் ஸ்லாகும்

சிங்க் எழுத்து என்றால், நிலையான இடத்தில் ஏறிய பிறகே பதில் கேட்கும் எழுத்து. புதிதாக அமைப்பவர்கள் திகைத்து நிற்கும் இடம் இது. சர்வரில் உள்ளுக்குள் சோதித்தால் நொடிக்கு 800 எம்பி, விஎம்மிலிருந்து சோதித்தால் 15 எம்பி. நெட்வொர்க்கைத் திட்டுவார்கள். அதன்மேல் பெரும்பாலும் பிழை இருக்காது. இஎஸ்எக்ஸ்ஐ, என்எஃப்எஸ் வழியாக அனுப்பும் ஒவ்வொரு எழுத்தையும் "நிலையான இடத்தில் எழுதிவிட்டுப் பதில் சொல்" என்றே கேட்கும். கேவிஎம்மில் கேஷ் நன் வைத்தாலும் ஹோஸ்ட்டின் பேஜ் கேஷைத் தாண்டி எழுத்து நேராகச் சர்வருக்குப் போகும். ஆக, நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு "ஆச்சு" என்று சொல்லும் சலுகை சர்வருக்கு இல்லை.

முதல் குறுக்குவழி: எக்ஸ்போர்ட்டில் (சர்வர் வெளியே பகிரும் அடைவின் அமைப்பில்) ஏசிங்க் போடுவது. இரண்டாவது: இசட்எஃப்எஸ்ஸில் சிங்க் டிசேபிள்ட். மூன்றாவது: கேவிஎம்மில் கேஷ் அன்சேஃப். மூன்றும் ஒரே பொய்யைச் சொல்லும் மூன்று வாய்கள். மின்சாரம் போனால், "ஏறிவிட்டது" என்று சொன்ன கடைசிச் சில நொடிகளின் தரவு ஏறியே இராது. "இசட்எஃப்எஸ் எப்போதும் சீராக இருக்குமே" என்று ஒரு வாதம் வரும். உண்மைதான், பூல் சீராகவே இருக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் கெஸ்ட்டின் பார்வையில், கமிட் ஆன டேட்டாபேஸ் பரிவர்த்தனை காணாமல் போயிருக்கும். சோதனைக்கூடத்தில் தூக்கி எறியும் விஎம்களுக்கு மட்டும் இந்த வழிகளைப் பயன்படுத்துங்கள்.

சரியான வழி, சிங்க் எழுத்துகளை வாங்கி வைக்கத் தனியாக ஒரு வேகமான டிஸ்க். இசட்எஃப்எஸ்ஸில் இதன் பெயர் ஸ்லாக். இதை ரைட் கேஷ் என்று நினைத்துப் பெரிய டிஸ்க் வாங்குகிறார்கள். அது கேஷ் இல்லை. தரவு நினைவகத்திலிருந்தே பூலுக்குப் போகிறது. ஸ்லாகில் இருப்பது, சர்வர் விழுந்தால் மட்டும் திரும்பப் படிக்கப்படும் பிரதி.

எவ்வளவு பெரிது வேண்டும்? 10 கிகாபிட் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 1.25 ஜிபி வரும். இசட்எஃப்எஸ் இயல்பாக 5 நொடிக்கு ஒருமுறை தரவைப் பூலுக்கு இறக்கும். ஒரு தொகுதி இறங்கிக்கொண்டிருக்கும்போது அடுத்தது நிரம்பும் என்பதால் இரண்டு தொகுதி என்று கொண்டால், 1.25 பெருக்கல் 5 பெருக்கல் 2, அதாவது 12.5 ஜிபி. 16 அல்லது 32 ஜிபி தாராளம். பணத்தை அளவில் போடாமல் தரத்தில் போடுங்கள். தேட வேண்டியது, மின்வெட்டுப் பாதுகாப்புக் கெப்பாசிட்டர் உள்ள எஸ்எஸ்டி. கெப்பாசிட்டர் இருந்தால் டிஸ்க் தன் உள் நினைவகத்தில் வாங்கியதுமே தயங்காமல் பதில் சொல்லலாம், மின்சாரம் போனாலும் ஃப்ளாஷில் இறக்கிவிடும். அது இல்லாத சாதாரண எஸ்எஸ்டி, ஒவ்வொரு முறையும் ஃப்ளாஷில் இறக்கி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் சொற்பம்தான் அப்போது மிஞ்சும். முழுக்க என்விஎம்ஈ பூல், அதுவும் எல்லாம் கெப்பாசிட்டர் உள்ளவை என்றால் தனி ஸ்லாக் பெரும்பாலும் தேவையில்லை.

படி 3: எக்ஸ்போர்ட்ஸ் கோப்பு

இடிசி அடைவில் இருக்கும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் விஎம் டேட்டாசெட்டின் பாதை, ஸ்டோரேஜ் நெட்வொர்க்கின் முகவரி வரம்பு, அதையடுத்து ஐந்து விருப்பங்கள்: ஆர்டபிள்யூ, சிங்க், நோ_ரூட்_ஸ்குவாஷ், நோ_சப்ட்ரீ_செக், மவுண்ட்பாயின்ட். பிறகு எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ.

ஹைப்பர்வைசர் ரூட்டாகத்தான் வரும், அதனால் ரூட்டின் உரிமையைப் பறிக்காமல் விடும் நோ_ரூட்_ஸ்குவாஷ் இல்லாமல் விஎம் உருவாகாது. ஆனால் இதன் பொருள், அந்த முகவரி வரம்பில் இருக்கும் எந்த இயந்திரத்தின் ரூட்டும் எல்லா விஎம் டிஸ்க்கையும் படிக்கலாம், அழிக்கலாம். வழக்கமான என்எஃப்எஸ்ஸில் குறியாக்கமும் கிடையாது. எனவே ஸ்டோரேஜுக்குத் தனி விலான் (சுவிட்சில் பிரித்து வைத்த நெட்வொர்க்), அதில் ஹைப்பர்வைசர்களும் சர்வரும் மட்டும். அலுவலகக் கணினிகள் இருக்கும் நெட்வொர்க்கை அந்தக் கோப்பில் எழுதவே எழுதாதீர்கள்.

மவுண்ட்பாயின்ட் விருப்பத்தைப் பலர் போடுவதில்லை. சர்வர் எழும்போது ஏதோ காரணத்தால் பூல் மவுண்ட் ஆகவில்லை, ஆனால் என்எஃப்எஸ் சேவை எழுந்துவிட்டது என்று வையுங்கள். வெறும் அடைவு எக்ஸ்போர்ட் ஆகும். ஹைப்பர்வைசருக்கு டேட்டாஸ்டோர் (அது விஎம் டிஸ்க்குகளை வைக்கும் இடம்) காலியாகத் தெரியும். யாராவது பதறி அதில் ஒரு விஎம்மை மீட்டெடுக்கத் தொடங்கினால், சர்வரின் ரூட் டிஸ்க் நிரம்பிச் சாகும். இந்த ஒரு விருப்பம் போட்டால், உண்மையில் மவுண்ட் ஆனால்தான் எக்ஸ்போர்ட் ஆகும்.

முகவரிகளை ஐபியாகவே எழுதுங்கள். டிஎன்எஸ் சர்வர் இதே ஸ்டோரேஜில் ஒரு விஎம்மாக ஓடினால், முழு மின்வெட்டுக்குப் பிறகு பெயர் தெரியாமல் ஸ்டோரேஜ் எழாது, ஸ்டோரேஜ் எழாமல் பெயர் தெரியாது. இஎஸ்எக்ஸ்ஐயில் இன்னொரு காரணமும் உண்டு. டேட்டாஸ்டோரின் அடையாளத்தை அது சர்வர் பெயர், பாதை இரண்டிலிருந்தும்தான் உண்டாக்குகிறது. ஒரு ஹோஸ்டில் ஐபி, இன்னொன்றில் பெயர் என்று கொடுத்தால் ஒரே டேட்டாஸ்டோர் இரண்டாகத் தெரியும், விஎம்மை அவற்றுக்கிடையே நகர்த்துவது சிக்கலாகும். பாதையின் கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலே போதும், வேறு என்று எடுத்துக்கொள்ளும்.

படி 4: த்ரெட்

லினக்ஸ் என்எஃப்எஸ் சர்வர் நெடுங்காலம் 8 த்ரெட்டுகளோடுதான் (ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் கவனிக்கும் வேலையாட்கள்) வந்தது. இருபது விஎம்முக்கு அது பற்றாது. இடிசியில் இருக்கும் என்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் என்எஃப்எஸ்டி பகுதியில் த்ரெட்ஸ் 64 என்று வைத்துச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். 256-க்கு ஏற்றினால் நான்கு மடங்கு வேகம் என்று கணக்குப் போடாதீர்கள். டிஸ்க் திணறும்போது த்ரெட் கூட்டினால் வரிசைதான் நீளும்.

படி 5: நெட்வொர்க்

ஒரு கிகாபிட் இணைப்பில் நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி சொச்சம். பல விஎம்கள் அதைப் பங்கிட்டுக்கொள்ளும். இயன்றால் 10 கிகாபிட்டுக்குப் போய்விடுங்கள். பல இடங்களில் அதுவே பாதி டியூனிங்.

இரண்டு கிகாபிட் கேபிளை எல்ஏசிபியில் (பல கேபிள்களை ஒன்றாகச் சேர்க்கும் முறை) கட்டினால் இரண்டு கிகாபிட் கிடைக்கும் என்று நம்பி ஏமாறுவது சகஜம். எல்ஏசிபி ஒரு டிசிபி இணைப்பை ஒரே கேபிளில்தான் அனுப்பும். ஒரு டேட்டாஸ்டோருக்குத் தரவு இணைப்பு ஒன்றே ஒன்று என்றால், இரண்டாவது கேபிள் சும்மா விளக்கு எரித்துக்கொண்டிருக்கும். கேவிஎம் ஹோஸ்டில் என்கனெக்ட் என்ற மவுண்ட் விருப்பம் இதற்கு விடை. 2019-இல் லினக்ஸ் கெர்னல் 5.3-இல் வந்தது, ஒரே மவுண்டுக்கு 16 இணைப்புகள் வரை திறக்கும். 4 வைத்துத் தொடங்குங்கள். இரு முனைகளிலும் ஹாஷ் கொள்கை (எந்தக் கேபிள் என்று தீர்மானிக்கும் விதி) லேயர் 3+4, அதாவது ஐபி முகவரியும் போர்ட்டும், ஆக இருந்தால்தான் அந்த இணைப்புகள் வெவ்வேறு கேபிளில் பிரியும்.

ஜம்போ ஃப்ரேம் (வழக்கமான 1500 பைட்டைவிடப் பெரிய பாக்கெட்) விஷயத்தில் நான் ஒரு முழு இரவைத் தொலைத்திருக்கிறேன். டேட்டாஸ்டோர் மவுண்ட் ஆனது. கோப்புப் பட்டியல் வந்தது. புதிய அடைவு உருவானது. விஎம் நிறுவத் தொடங்கியதும், சில நொடிகளில் எல்லாம் உறைந்தது. என்எஃப்எஸ் பதிப்பை மாற்றிப் பார்த்தேன், த்ரெட்டைக் கூட்டிப் பார்த்தேன். விடியும் நேரத்தில்தான் பிடிபட்டது: சர்வரிலும் ஹோஸ்டிலும் எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு) 9000, நடுவில் ஒரு சுவிட்ச் மட்டும் 1500. மவுண்ட், பட்டியல் எல்லாம் சிறிய பாக்கெட்டுகள், தப்பித்துப் போய்விட்டன. பெரிய எழுத்துகள் வந்ததும் சுவிட்ச் அவற்றை வாய் திறக்காமல் கீழே போட்டது.

எனவே ஜம்போ வைத்தால் உடனே சோதியுங்கள். லினக்ஸில் பிங் கட்டளையோடு -எம் டூ -எஸ் 8972, இஎஸ்எக்ஸ்ஐயில் விஎம்கேபிங் -டி -எஸ் 8972. 9000-இல் ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பிக்கு 8 போக மீதி 8972. இரண்டு திசையிலும் பதில் வர வேண்டும். வழியிலுள்ள எல்லாக் கருவிகளும் உங்கள் கையில் இல்லையென்றால் 1500-லேயே விட்டுவிடுங்கள். ஜம்போவால் கிடைக்கும் லாபம் அந்த இரவுக்கு ஈடாகாது.

படி 6: பதிப்பும் மவுண்ட் விருப்பங்களும்

இஎஸ்எக்ஸ்ஐ 3, 4.1 இரண்டையும் ஏற்கும். ஒரே எக்ஸ்போர்ட்டை ஒரு ஹோஸ்ட் 3-இலும் மற்றொன்று 4.1-இலும் மவுண்ட் செய்யவே கூடாது. இரண்டும் பூட்டும் முறை வேறு. பதிப்பு 3-இல் இஎஸ்எக்ஸ்ஐ தானே பூட்டுக் கோப்புகளை வைக்கிறது, 4.1-இல் சர்வர் பூட்டுகிறது. ஒருவர் பூட்டியது மற்றவருக்குத் தெரியாது. ஒரே விஎம் இரண்டு ஹோஸ்டில் எழுந்தால் அந்த டிஸ்க்கை மறந்துவிட வேண்டியதுதான். சின்ன அமைப்புகளுக்கு நான் பதிப்பு 3 என்றே சொல்வேன். சர்வர் விழுந்து எழுந்தால் சட்டென்று தொடரும். ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் தேவை என்றால் 4.1.

கேவிஎம்மில் 4.2 நல்ல தேர்வு. கோப்புக்குள் காலி இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் வசதி அதில்தான் வந்தது. கெஸ்ட் டிஸ்கார்ட் (இந்த இடம் இனித் தேவையில்லை என்ற செய்தி) அனுப்பினால் சர்வரில் இடம் உண்மையாகவே விடுபடும்.

மவுண்ட் எப்போதும் ஹார்டு, அதாவது சர்வர் பதில் சொல்லும் வரை காத்திருப்பது. சாஃப்ட் வைத்தால், சர்வர் சிறிது நேரம் பதில் சொல்லாவிட்டாலே ஹோஸ்ட் பிழை என்று கெஸ்ட்டுக்குச் சொல்லிவிடும். கெஸ்ட் தன் டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்து ரீட்-ஒன்லிக்குப் போகும். ஒரே தடவையில் படிக்கும், எழுதும் அளவுகளான ஆர்சைஸ், டபிள்யூசைஸ் இரண்டையும் எழுதாமல் விடுங்கள். இன்றைய லினக்ஸ் இருபுறமும் பேசி 1 எம்பி வரை தானே எடுத்துக்கொள்ளும். பழைய குறிப்புகளிலிருந்து 8192 என்று நகலெடுத்து ஒட்டிய வரி இன்னும் பல சர்வர்களில் வேகத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

படி 7: கெஸ்ட்டின் பொறுமை

சர்வரை மறுதொடக்கம் செய்தால் எவ்வளவு நேரம் ஆகும்? பதிப்பு 4 என்றால், எழுந்த பிறகும் பழைய பூட்டுகளை மீட்க இயல்பாக 90 நொடி அவகாசம் எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் கெஸ்ட்டில் ஸ்கசி டிஸ்க்கின் பொறுமை இயல்பாக 30 நொடி. கணக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிகிறதா? விஎம்வேரில் கெஸ்ட் கருவிகளை நிறுவினால் அது 180 நொடியாகும். நிறுவவில்லையென்றால், சிஸ் அடைவில் பிளாக் பகுதிக்குக் கீழ் அந்த டிஸ்க்கின் டைம்அவுட் கோப்பில் 180 எழுதி, யுடெவ் விதியாக (டிஸ்க் தெரியும்போதெல்லாம் தானே இயங்கும் விதி) நிரந்தரமாக்குங்கள். இஎஸ்எக்ஸ்ஐயோ டேட்டாஸ்டோர் போய்விட்டது என்று முடிவுகட்ட இயல்பாக இரண்டு நிமிடம் சொச்சம் எடுக்கும். கெஸ்ட் அதைவிட நிதானமாக இருக்கட்டும்.

படி 8: அளப்பது

கீழிருந்து மேலே அளக்க வேண்டும். நெட்வொர்க்கை மட்டும் ஐபெர்ஃப்3 வைத்து. டிஸ்க்கை மட்டும் சர்வருக்குள் ஃபியோ என்ற டிஸ்க் சோதனைக் கருவி வைத்து. பிறகு ஹோஸ்டிலிருந்து என்எஃப்எஸ் வழியாக அதே ஃபியோ, கடைசியில் கெஸ்ட்டுக்குள். எந்தப் படியில் எண் சரிகிறதோ அங்கேதான் நோய்.

டிடி கட்டளையில் ஜீரோக்களை எழுதி அளக்காதீர்கள். எல்இசட்4 அவற்றை ஒன்றுமில்லாமல் சுருக்கிவிடும், நொடிக்கு 3 ஜிபி என்று காட்டும், நீங்களும் மகிழ்ந்துபோவீர்கள். ஃபியோவில் ரேண்ட்ரைட், பிஎஸ் 4கே, டைரக்ட் 1, சிங்க் 1, ஐஓடெப்த் 1 என்று முதலில் ஓட்டுங்கள். இது ஒற்றை எழுத்து போய்த் திரும்பும் நேரத்தைச் சொல்லும். 1 மில்லிநொடி என்றால் ஒரு வரிசையில் நொடிக்கு 1000 எழுத்துகளுக்கு மேல் போகவே முடியாது, 0.2 என்றால் 5000. டேட்டாபேஸ் உணர்வது இந்த எண்ணைத்தான். பிறகு இணை வேலைகளைக் கூட்டி மொத்தத் தாங்குதிறனைப் பாருங்கள். படிப்பை அளக்கும்போது கோப்பு சர்வரின் நினைவகத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும், இல்லையென்றால் ரேமைத்தான் அளந்திருப்பீர்கள்.

லினக்ஸ் ஹோஸ்டில் என்எஃப்எஸ்ஐஓஸ்டாட் இரண்டு நேரங்களைக் காட்டும்: ஆர்டிடி (கோரிக்கை சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்), எக்ஸ்ஈ (ஹோஸ்டில் காத்திருந்ததையும் சேர்த்த மொத்த நேரம்). ஆர்டிடி பெரிதாக இருந்தால் நெட்வொர்க்கிலோ சர்வரிலோ தாமதம். ஆர்டிடி சிறிதாகவும் எக்ஸ்ஈ பெரிதாகவும் இருந்தால் வேலை ஹோஸ்டிலேயே வரிசையில் நிற்கிறது, என்கனெக்ட் உதவக்கூடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எண்ணைக் குறித்து வையுங்கள்.

படி 9: பிளக்கைப் பிடுங்குங்கள்

உண்மையான விஎம்களை ஏற்றுமுன் இதைச் செய்துவிடுங்கள். ஒரு கெஸ்ட்டில் சின்ன ஸ்கிரிப்ட்: 1, 2, 3 என்று ஒவ்வோர் எண்ணாகக் கோப்பில் எழுதி, எஃப்சிங்க் செய்து (டிஸ்க்கில் ஏற்றச் சொல்லி), அது முடிந்த பிறகு மட்டும் அந்த எண்ணை எஸ்எஸ்ஹெச் வழியே வேறொரு கணினியின் திரையில் காட்ட வேண்டும். எண் ஓடிக்கொண்டிருக்கும்போதே என்எஃப்எஸ் சர்வரின் மின்கம்பியைப் பிடுங்குங்கள். சர்வர் இறந்து கிடக்கும்போதே அந்த ஹோஸ்ட்டின் மின்சாரத்தையும் நிறுத்துங்கள். இது முக்கியம். ஹோஸ்ட் உயிரோடு இருந்தால், கையில் வைத்திருக்கும் எழுத்துகளைச் சர்வர் எழுந்ததும் மீண்டும் அனுப்பிச் சோதனையைக் கெடுத்துவிடும்.

சர்வரை எழுப்பி, ஹோஸ்டை எழுப்பி, கெஸ்ட்டில் அந்தக் கோப்பின் கடைசி எண்ணைப் பாருங்கள். திரையில் கடைசியாகத் தெரிந்த எண்ணோ, அதற்கு மேலோ இருந்தால் சரி. ஒன்று குறைந்தாலும் சங்கிலியில் யாரோ பொய் சொல்கிறார்கள். எக்ஸ்போர்ட்டில் ஏசிங்க், டேட்டாசெட்டில் சிங்க் டிசேபிள்ட், கேவிஎம்மில் கேஷ் அன்சேஃப், கெப்பாசிட்டர் இல்லாத டிஸ்க்கின் உள் கேஷ், செத்த ரெய்டு பேட்டரி என்று இந்த வரிசையில் தேடி, கண்டுபிடித்துத் திருத்திய பின் மீண்டும் பிடுங்குங்கள். நான் மூன்று முறை தொடர்ந்து தேறினால்தான் ஏற்றுவேன்.